நாற்பத்திரண்டாயிரம்

ஒவ்வொரு மாதமும் இருபத்துமூன்றாம் திகதி
சம்பளப் பட்டியலைத் திறப்பேன்.
மாங்குளத்து இந்தக் கந்தோரில்
யாருக்கு என்ன விலை என்று
முதலாளிக்கு அடுத்ததாய்
எனக்குத்தான் தெரியும்.

ஏழாவது வரி யதுநந்தன்.
எட்டாவது வரி ஜெனிஸ்ரன்.
இருவரும் பொறியியலாளர்,
ஒரே நாளில் சேர்ந்தவர்கள்,
ஒரே ஹைஏஸில் போய்
ஒரே செம்மண்ணைச் சப்பாத்தில் கொண்டுவந்து
நான் துடைப்பித்த தரையில் கொட்டுபவர்கள்.
ஒருவன் மொறட்டுவ.
மற்றவன் ஒலுவில்.
இடையில்
நாற்பத்திரண்டாயிரம் ரூபாய்.

யது கெட்டிக்காரன், அதில் பொய்யில்லை.
இன்வெர்ட்டர் இரைகிற விதத்தை வைத்தே
எங்கே பிழை என்று சொல்வான்.
ஜெனிஸ்ரனும் சொல்வான்,
கொஞ்சம் பிந்தி.
சில நாள் கொஞ்சம் முந்தி.
சூரியத் தகடுகளில் மயில் எச்சமிட்டால்
எத்தனை அலகு குறையும் என்று
ஒரு சிடீ கொப்பியில் எழுதி வைத்திருக்கிறான்.
அதை யாரும் கேட்டதில்லை.

கொழும்பிலிருந்து மேற்பார்வைக்கு வருகிறவர்கள்
காரால் இறங்கியதும் கேட்பார்கள்,
"தம்பி எந்த பச்?"
யது சொல்வான்.
பிறகு ஒரு விரிவுரையாளரின் பட்டப்பெயர்,
ஒரு கன்ரீன் கதை,
வெயிலுக்குள் நின்று ஒரே சிரிப்பு.
ஜெனிஸ்ரன் அப்போது
கேபிள் உருளையை எண்ணிக்கொண்டிருப்பான்,
ஏற்கெனவே எண்ணியதை.

எனக்கு வெட்டுப்புள்ளியில் குறைந்தது
தசம் பூச்சியம் இரண்டு ஒன்று மூன்று.
அந்த நாலு இலக்கம்தான்
என்னை வவுனியாவில் டிப்ளோமாவுக்கு விட்டு
இந்தக் கதிரையில் இருத்தியது என்று
கொஞ்சக் காலம் சொல்லித் திரிந்தேன்.
உண்மையில் இந்த வேலை எனக்குப் பிடிக்கும்.
கூட்டுத்தொகை சதத்துக்குச் சரிவரும்போது
ஒரு பிளேன்ரீ குடித்த மாதிரி இருக்கும்.

ஒருநாள் சம்பளச் சீட்டில் ஒப்பமிட வந்த யது
பேனாவைத் திருப்பித் தராமல் நின்றான்.
"பாதி கடனுக்குப் போகுது அக்கா.
யாழ்ப்பாணத்தில ரியூசனுக்கு
மூண்டு வருசம் அறை எடுத்துத் தந்தவ அம்மா.
ஈடு வைச்ச காணி இன்னும் மீளேல்லை."
அன்றைக்கு அந்த நாற்பத்திரண்டாயிரத்தை
மனதுக்குள் திரும்பக் கழித்துப் பார்த்தேன்.
விடை எட்டாவது வரிக்குக் கீழே போனது.

பெற்றோலுக்கு வரிசையில் படுத்த வருசம்
அவன் பச் குழுவில்
டோஹாவிலிருந்து ஒருவன் எழுதினான்,
மெல்பேர்னிலிருந்து இன்னொருவன்.
பதினொரு கிழமை.
சேவைக் கடிதத்தை நானே தட்டச்சிட்டேன்.
சூட்கேஸைத் தொடையில் வைத்துக்கொண்டு
ஜெனிஸ்ரனின் மோட்டார்சைக்கிளில்தான்
சந்திக்குப் போனான்.

ஏழாவது வரி வெறுமையானது.
எட்டு மாதம்
இரண்டு பேரின் வேலை ஒருவனிடம்.
கூட்டியது மூவாயிரம்.

பிறகு முதலாளி விளம்பரம் எழுதச் சொன்னார்:
மொறட்டுவ, பேராதனைப் பட்டதாரிகளுக்கு
முன்னுரிமை.
அடித்துக்கொண்டிருந்தபோது
எரிபொருள் சிட்டைக்கு ஒப்பம் வாங்க வந்த ஜெனிஸ்ரன்
திரையைப் பார்த்தபடி நின்றான்.
நான் மறைக்கவில்லை,
மறைக்கப் பிந்திவிட்டது.
"அக்கா,
பேராதனைக்குப் பதிலா போராதனை எண்டு கிடக்கு."
திருத்தினேன்.
சிட்டையை எடுத்துக்கொண்டு போனான்.

விண்ணப்பித்தவர்கள் ஒன்பது பேர்.
மொறட்டுவக்காரர் இருவர்.
மாங்குளம் எங்கே என்று
ஒருவர் தொலைபேசியில் கேட்டார்.
மற்றவர் கேட்கவே இல்லை.

யதுவின் அம்மா காணியை மீட்டுவிட்டாவாம்.
படிப்பு காசைத் தந்ததுதான்,
இல்லை என்று எப்படிச் சொல்வது?
எங்கள் பட்டியலில் அல்ல,
வேறு ஒரு நாட்டின் பட்டியலில்,
என்னைப் போல யாரோ ஒருத்தி
அவன் பெயரைப் பிழையாக எழுதுகிற இடத்தில்.

இன்றைக்கு இருபத்துமூன்று.
வெறும் வரியை நீக்கவா என்று
கணினி கேட்கிறது.
நீக்கினால் ஜெனிஸ்ரன்
ஏழாவது வரிக்கு ஏறுவான்,
தன் பழைய தொகையையும்
கூட்டிக்கொண்டு.